மஞ்சு இறங்கினால் உட்கார வேண்டும்

எழுதத் தெரியாதவள் எழுத வந்தால் இப்படித்தான் ஆகும். போன வாரம் ஒட்டன்சத்திரம் சந்தையைப் பற்றி ஆரம்பித்து, பாதியிலேயே எங்கள் வீட்டு ஆட்டின் கதைக்குள் போய்விட்டேன். நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். நான் படித்தது பத்தாவது வரைக்கும், அதுவும் தமிழ் மீடியம். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். "நீங்க பேசுறதை அப்படியே எழுதுங்க, போதும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். நான் பேசுவதே குறைவு என்பது அவருக்குத் தெரியாது.

இந்த வாரம் செய்யப் போவது இன்னும் பெரிய அதிகப்பிரசங்கித்தனம். ஆஸ்திரேலியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடிய ஒருத்தியைப் பற்றி எழுதப் போகிறேன். நான் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததில்லை. அவள் அங்கே ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதையெல்லாம் எழுத அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்காத ஓர் ஆட்டம் உண்டு. அவளுடைய கடைசி ஆட்டம். அதில் நானும் ஆடினேன். அதனால் மன்னித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுத்துணி

கொடைக்கானல் கான்வென்ட் மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிமென்ட் படி உண்டு. அதில் உட்கார்ந்து ரூத் தன் இடது முழங்காலில் இழுவைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். யூகலிப்டஸ் தைல வாடை மூக்கில் ஏறியது. முட்டியின் பக்கவாட்டில் அறுவை செய்த தழும்பு, பூரான் ஒன்று படுத்திருப்பது மாதிரி இருந்தது. நான் அதைப் பார்க்காதது போல் பார்த்தேன்.

"லூர்து, இங்க யாருக்கும் என்னயத் தெரியாதுல்ல?"

"உன்னயத் தெரியாதவுக யாரு? டாக்டர் மக, கரண்டுக் கம்பம்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும்."

"அது இல்லடி. பந்து ஆடுறவன்னு."

"அது எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பி.டி. சிஸ்டருக்குத் தெரியும்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் துணியின் நுனியை இழுத்துச் செருகினாள்.

அது எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசன். அவள் ஆடிக்கொண்டிருந்த கிளப் அடுத்த வருடத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. "கால் தாங்குமா, வருகிறாயா இல்லையா, இந்த மாதத்துக்குள் சொல்" என்று கேட்டிருந்தார்கள். அறுவைக்குப் பிறகு அவள் ஓடிப் பார்த்திருக்கிறாள், குதித்துப் பார்த்திருக்கிறாள். முழு ஆட்டம் ஆடியதில்லை. அங்கே ஆடிப் பார்த்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள், பேசுவார்கள். அதற்காகத்தான் கடல் தாண்டி இங்கே வந்திருந்தாள். அந்தச் சாயங்கால ஆட்டம் அவளுக்கு விளையாட்டு இல்லை.

டாக்டர் காம்பவுண்டு

இவள் யார் என்று சொல்லாமலே போகிறேன் பாருங்கள்.

ரூத்தின் அப்பா ஆஸ்திரேலியாக்காரர், மிஷன் டாக்டர். என் அப்பா அவருடைய ஜீப் டிரைவர். வாரம் ஒருநாள் மலைக்கிராமமான பூம்பாறைக்கு மருந்துப் பெட்டியோடு போவார்கள். திரும்பும்போது ஜீப் முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்புவார்கள். டாக்டர் வீட்டுச் சூப்பிலும் எங்கள் வீட்டுக் குழம்பிலும் ஒரே பூண்டுதான்.

ஒரே காம்பவுண்டில் பெரிய வீடு அவர்களுடையது, பின்னால் சின்ன வீடு எங்களுடையது. ரூத்தும் நானும் ஒரே வயது. அவள் தமிழ் கற்றுக்கொண்டது என் அம்மாவிடமும் என்னிடமும். அதனால் எங்கள் வீட்டு வசவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் விருந்துக்கு வந்திருந்த பாதிரியாரின் நாயைப் பார்த்து, "போ மூதேவி, உனக்கு வேற சோலி இல்ல?" என்றாள். பாதிரியாருக்குத் தமிழ் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வயதில் அவள் வளர ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. என் அப்பாதான் கரண்டுக் கம்பம் என்று பேர் வைத்தார். நான் அவளுடைய தோளுக்குக் கீழே. இருவரும் ஜோடியாகப் போனால் பேரிக்காய் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அவள் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அங்கே பளபளப்பான கோர்ட் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆனால் எங்கள் கான்வென்ட் மைதானத்துக்கு வந்துவிடுவாள். அங்கே நாங்கள் பி.டி. சிஸ்டரிடம் கூடைப்பந்து கற்றுக்கொண்டிருந்தோம். சிஸ்டர் குள்ளம், கோபக்காரி, ஸ்வெட்டருக்குள் விசிலை வைத்திருப்பார். முதல் நாள் ரூத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு குதிக்கத் தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர்."

"நல்லது. தெரியும்னு சொல்றவளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க முடியாது."

நான் பந்தைக் கொண்டுபோவேன், அவளுக்குக் கொடுப்பேன், அவள் போடுவாள். எங்கள் ஆட்டம் அவ்வளவுதான். பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது பிடித்தது.

உட்காருகிற சட்டம்

எங்கள் மைதானத்தில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சட்டம் இருந்தது. மலைக்குக் கீழே இருந்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லி நம்பவைப்பது கஷ்டம்.

மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. கீழே பேரித் தோட்டம், அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு மஞ்சு அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏறி வரும். எங்கள் ஊரில் மேகத்தை மஞ்சு என்போம். வெள்ளையாக, சத்தமில்லாமல், வாசல் திறந்திருக்கிற வீட்டுக்குள் பூனை வருவது மாதிரி வரும். ஒருமுறை மஞ்சுக்குள் பந்து உருண்டு ஓட, அதைத் துரத்திய பெண் சரிவில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அன்றைக்கே சிஸ்டர் சட்டம் போட்டார். மஞ்சு இறங்கினால் நீண்ட விசில். எல்லாரும் அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். பந்து யார் கையில் இருந்ததோ அவள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சு விலகினதும் மறு விசில். விட்ட இடத்திலிருந்து ஆட்டம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீம் வந்தது. விசில் அடித்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். மஞ்சு விலகிப் பார்த்தால், அவர்களில் தூரத்தில் இருந்த ஒருத்தி எங்கள் ரிங்குக்கு நேர் கீழே, கோயில் அம்மன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தவழ்ந்தே வந்திருக்கிறாள். பாவாடை முட்டியெல்லாம் ஈர அழுக்கு.

"நீ இங்கயா இருந்த?" என்றார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர். பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன்."

சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு சட்டத்தில் இன்னொன்று சேர்ந்தது. மஞ்சுக்குள் ஒவ்வொருத்தியாகத் தன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நகர்ந்தால் ஃபவுல்.

கண்ணுக்கு எதுவும் தெரியாது. சிமென்ட் ஈரமாகிப் பாவாடை வழியாகக் குளிரும். "மார்கரெட்." "தனம்." "ரூத்." "லூர்து." எங்கிருந்தோ குரல்கள் வரும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் பேரை யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. முதலில் எவ்வளவு தூரம் என்று காது கணக்குப் போடும்.

அவள் போனதும் நான் போகாததும்

பதினேழு வயதில் ரூத்தைக் கல்லூரிக்காக அடிலெய்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுடைய தாத்தா இருந்தார். கொஞ்ச நாளில் டாக்டரும் ஓய்வு பெற்றுக் கிளம்பிவிட்டார். அவர்கள் வீட்டுக்கு வேறு டாக்டர் வந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அதே சமயத்தில் என்னை ஜில்லா டீமுக்குக் கூப்பிட்டார்கள். மதுரையில் தங்கிப் பழக வேண்டும். அரைக்கால் சட்டை போட வேண்டும். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பா ஜீப்பைத் துடைப்பதற்கு வெளியே போய்விட்டார். நான் அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பூம்பாறைப் பூண்டையும் கேரட்டையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. நான் ஒரு லாட்ஜில் துணிமணிப் பொறுப்புக்குச் சேர்ந்தேன். பெட்ஷீட் துவைப்பது, காயப்போடுவது, மடிப்பது. கொடைக்கானலில் துவைப்பது பெரிதில்லை. காயவைப்பதுதான் பெரிது.

லாரிக்குள் ஒரு குரல்

ரூத்துக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் அவள் கேசட்டில் பேசி அனுப்புவாள்.

எங்கள் வீட்டில் டேப் இல்லை. லாரியில்தான் இருந்தது. பாரம் இறக்கி வந்த சாயங்காலம் வண்டியை வீட்டுச் சரிவில் நிறுத்தி, முன்சீட்டில் நானும் அவரும் உட்கார்ந்து கேட்போம். கண்ணாடியில் நீர் வழியும். சீட்டில் பூண்டுத் தோல் ஒட்டியிருக்கும்.

"லூர்து, கேக்குதா? நாந்தான். இது ஆடுற எடம். பெரிய ஷெட்டு மாதிரி. மேல கூரை இருக்கு, மஞ்சு வராது. இந்தச் சத்தம் கேக்குதா? இது ஷூ."

கீச் கீச்சென்று சத்தம். தரை மரமாம். எங்கள் வீட்டுக்காரர் டேப்பை நிறுத்திவிட்டு, "மரத்து மேலயா ஓடுதாக? வழுக்காது?" என்று கேட்பார். அவளைக் கேட்க முடியாது என்பதால் என்னைக் கேட்பார்.

அவள் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, நாடு முழுக்க நடக்கிற போட்டியில் ஆட ஆரம்பித்திருந்தாள். சம்பளம் உண்டு, ஆனால் அது பஸ்ஸுக்கும் ஷூவுக்கும்தான் காணும். பகலில் ஒரு மருந்துக்கடையில் நின்று வியாபாரம், சாயங்காலம் பயிற்சி, வாரக்கடைசியில் வேற்றூரில் ஆட்டம். "ஆம்பளைங்க ஆடுனா டிவியில வருது, நாங்க ஆடுனா எங்க அம்மா வர்றாங்க" என்று ஒரு கேசட்டில் சொன்னாள்.

இன்னொரு கேசட் எங்கள் வீட்டில் பிரசித்தம். அவள் சேர்ந்த முதல் வருடம். ஆட்டம் நடுவில் திடீரென்று கரண்டு போய்விட்டது. கொட்டகை முழுக்கக் கும்மிருட்டு. மற்றவர்கள் தட்டுத்தடுமாறி ஓரத்துக்குப் போய்விட்டார்கள். விளக்கு வந்ததும் பார்த்தால், மைதானத்தின் நட்ட நடுவில் ரூத் மட்டும் சம்மணம் போட்டு, மடியில் பந்தை வைத்துக்கொண்டு, "ரூத்... ரூத்..." என்று தன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கோச்சு வந்து கேட்டாரு, அடிபட்டுச்சான்னு. ஆமான்னு சொல்லிட்டேன் லூர்து. வேற என்னத்தச் சொல்ல?"

எங்கள் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு பேர் நடுவில், எங்கள் மைதானம் அவள் காலுக்கடியில் இருந்திருக்கிறது.

வருடங்கள் போயின. அவள் மாநிலத்துக்கு ஆடினாள். நாட்டு டீமுக்கு ஆள் எடுக்க முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கடைசி நாளில் கழித்துவிட்டார்கள். அந்தக் கேசட்டில் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொடைக்கானலில் இப்போது பிளம்ஸ் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டிருந்தாள்.

நான் பெட்ஷீட் மடிக்கும்போது அவளுடைய ஆட்டங்களை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். இங்கே பந்து வாங்கினாள், இப்படித் திரும்பினாள். எனக்கு ரெண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் பந்தைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆடிக்கொண்டிருப்பவள் போலத்தான் இருந்தேன். அவள் ஆடுகிற வரைக்கும் எனக்கும் ஆட்டம் இருந்தது. இதை அவளிடமும் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒரு சின்னக் கேசட் வந்தது. "லூர்து, கால்ல ஒரு சத்தம் கேட்டுச்சுடி. வெறகு ஒடிக்கிற மாதிரி." அவ்வளவுதான். மீதி நாடா வெறுமையாக ஓடியது. எங்கள் வீட்டுக்காரர் அது முடியும் வரை நிறுத்தவில்லை.

மீண்டும் அந்தச் சாயங்காலம்

ரூத் வந்து எங்கள் லாட்ஜிலேயே தங்கினாள். நான் வேலைக்கு வருவதற்கு முன்னே அவள் விழித்திருப்பாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குவாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவாள்.

சிஸ்டருக்கு வயதாகியிருந்தது, விசில் மட்டும் அதே விசில். மதுரையிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு காலேஜ் டீமைப் பிடித்துவிட்டார். எங்கள் பக்கம் ரூத், நான், ஆஸ்பத்திரி நர்ஸ் தனம், கான்வென்ட் பிள்ளைகள் இரண்டு பேர். தனம் என்னோடு படித்தவள்.

"பந்து ஆடப் போறியா? ரெண்டு புள்ள பெத்தவ?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏங்க, போகட்டா வேண்டாமா?"

"போகாம? நான் லோடு ஏத்தப் போகல இன்னைக்கு. வந்து பாக்கேன்."

சேலை கட்டிக்கொண்டு ஆட முடியாது. ரூத்தின் பேன்ட்டைக் கணுக்காலில் மடித்து மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. தனம் பார்த்துவிட்டு, "ஏ லூர்து, போலீஸ்ல சேந்துட்டியா?" என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் சில நிமிடம் ரூத் வலது காலில்தான் இறங்கினாள். இடது காலை ஒரு நோயாளிப் பிள்ளையை மாதிரி ஓரமாகக் கூட்டிக்கொண்டு ஓடினாள். நான் பந்தைக் கொடுத்தேன். அவள் போட்டாள். காலேஜ் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏய், அந்த வெள்ளைக்கார அக்காவ மறிங்கடி!"

மறிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ரூத் காலை மறந்துவிட்டாள். எப்போது மறந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. பந்தை வாங்கி, இடது காலை ஊன்றி, முழுதாகத் திரும்பி, எழும்பினாள். மேலே கொஞ்சம் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு காலிலும் இறங்கினாள். கேசட்டில் கேட்டதை எல்லாம் நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இத்தனை நாள் நான் மனதில் ஓட்டிப் பார்த்தது கால்வாசி கூட இல்லை.

இடைவேளை முடிந்து ரொம்ப நேரம் ஆகவில்லை. பேரித் தோட்டம் மறைந்தது. அடுத்து எதிர்ப் பக்க ரிங். ரூத்தின் கையில் பந்து. சிஸ்டரின் நீண்ட விசில்.

"ஒக்காருங்க! எல்லாரும் அங்கங்க ஒக்காருங்க!"

"என்ன சிஸ்டர், பிரேயரா?" என்றாள் ஒரு காலேஜ் பெண். சட்டத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அதற்குள் வெள்ளை மூடிவிட்டது.

"தனம்." "லூர்து." "ரூத்."

"அக்கா, இங்க அட்டை இருக்குமா?" என்று ஒரு குரல்.

"அட்டை இல்லம்மா, காட்டுமாடு வரும்" என்றாள் தனம். எங்கோ ஒரு கீச்சல், எங்கோ ஒரு சிரிப்பு.

ரூத்தின் குரல் எனக்கு வலது பக்கம், ரொம்பக் கிட்டே.

"லூர்து."

"ம்."

"நல்லாருக்குடி. காலு நல்லாருக்கு. பாத்தியா?"

"பாத்தேன்."

"நாளைக்கே சொல்லிடுறேன், வர்றேன்னு. இன்னும் ரெண்டு வருசம் ஆடலாம். மூணு வருசம்கூட."

"கேசட்டு போடுவேல்ல?"

"போடாம? உங்க வீட்டுக்காரரு கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சேத்துப் போடுறேன்."

மஞ்சு நகரவில்லை. பேன்ட் நனைந்து தொடை மரத்தது. நான் வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்பதால் தைரியமாகச் சிரித்தேன். "ரூத்." "லூர்து." "தனம்." நேரம் போய்க்கொண்டே இருந்தது.

மறு விசில்

வெள்ளைக்குள் முதலில் சிஸ்டரின் கறுப்புக் குடை தெரிந்தது. பிறகு ரிங். விசில் அடித்தது. எல்லாரும் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.

ரூத் எழவில்லை.

கையைத் தரையில் ஊன்றினாள். உடம்பு கொஞ்சம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இடது முட்டி மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. இன்னொரு தடவை ஊன்றினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

விசில் அடித்தாகிவிட்டது. பந்து அவள் மடியில் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து ஆட்டம். காலேஜ் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ரூத் என்னைப் பார்த்து, உட்கார்ந்தபடியே பந்தை எறிந்தாள்.

"நீ போடு, லூர்து."

நான் போடுகிறவள் இல்லை, கொடுக்கிறவள். போட்டேன். பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே விழுந்தது. மதில்மேல் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் கைதட்டினார். இரண்டு தட்டு தட்டிவிட்டு ரூத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டார்.

தனமும் நானும் அவளைத் தூக்கினோம். தனம் முட்டியை மெல்ல அசைத்து அசைத்து நீட்டினாள். லாரி வாசலுக்கு வந்தது. முன்சீட்டில் அவளை ஏற்றி, நீட்டின காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

வீட்டில் வெந்நீரில் தைலத் தழை போட்டு ஒத்தடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. யாராவது வருத்தமாக இருந்தால் அவருக்கு உடனே அதைச் சரிசெய்தாக வேண்டும், லாரியை மாதிரி.

"இது ஒண்ணுமே இல்லங்க. ஈரத்துல அம்புட்டு நேரம் ஒக்காந்தா யாருக்கும் புடிக்கத்தான் செய்யும். ஒங்க ஊர்ல கூரைக்குள்ளதான ஆடுதீங்க. அங்க மஞ்சா வரப்போகுது?"

ரூத் நிமிர்ந்தாள். முகம் தெளிந்தது.

"ஆமால்ல? அங்க யாரும் தரையில ஒக்காரச் சொல்ல மாட்டாங்க. ஆடுற வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? லூர்து, நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்ப ஆடலாம்ல?"

துணியைப் பிழிந்து மறுபடி முட்டியில் போட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால் அவள் போவாள், ஆடுவாள், லாரி டேப்பில் மறுபடி அந்த ஷூ சத்தம் கேட்கும். எனக்கு அது வேண்டும். அந்த நேரத்தில் அதைவிட வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"அங்க பெஞ்சு இருக்குல்ல ரூத்து" என்றேன். "நடுவுல கூப்பிட்டு ஒக்கார வைப்பாங்க, பெறகு எந்திரிச்சு வான்னு சொல்லுவாங்கன்னு நீதான கேசட்டுல சொன்ன?"

அவள் ஒத்தடத் துணியை முட்டியோடு அழுத்திப் பிடித்தாள்.

"காலையில மாடிப்படி எறங்குறப்ப செவுத்தப் புடிக்கிறியே. அங்க மஞ்சா இருக்கு?"

எங்கள் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"சரி, நீ சொல்லு" என்றாள் ரூத். "ஆடவா, வேண்டாமா?"

"வேண்டாம் ரூத்து."

வெந்நீர்ச் சட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சி, சின்ன வயதில் என் அம்மாவிடம் திட்டு வாங்கும்போது அழுவது மாதிரி. நான் துணியை மாற்றிப் போட்டேன். வேறென்ன செய்ய?

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அங்க எல்லாரும் எனக்கு வேணுங்கிறதத்தான் சொல்லுவாங்க. நீ இதத்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் இங்க வந்து ஒரு வாரமா ஒங்கிட்ட மட்டும் கேக்காம இருந்தேன்."

பிறகு பசிக்கிறது என்றாள். பூண்டுக் குழம்பு இருந்தது. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தபாலாபீஸ் திறந்ததும் ரூத் கிளப்புக்குத் தந்தி கொடுத்தாள், வரவில்லை என்று. நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டரில் இருந்தவர் ஊர்ப் பேரை மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவளை அறையில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். அன்று முழுக்க மழை. பெட்ஷீட் ஒன்றும் காயவில்லை.